சம்மத வயதும் சம்மதமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய நாட்டுக் கற்றோர் உலகைக் கலக்கிய வாதங்கள் பல. அவற்றுள் 1891ஆம் ஆண்டுச் சம்மத வயதுச் சட்டம் பற்றி எழுந்த வாதத்துக்கு ஒப்பான வேகம் பிறிதொன்றுக்கு இருந்ததெனக் கூறல் அரிது. சட்டத்தில் மாறவேண்டியிருந்தது ஓர் எண் மாத்திரமே. அவ்வோர் எண்ணின் பொருட்டுக் கல்கத்தா மைதானத்திலே மக்கள் பெருந்திரளாகக் கூடினர். புனா நகரிலே சீர்திருத்தக்காரர் கூட்டிய கூட்டம் குழப்பத்தில் முடிந்தது. 'வங்கவாசி' என்னும் வங்காளப் பத்திரிகை அரசைக் கடுமையாகத் தாக்கியெழுதி, இந்தியாவின் முதலாவது இராசத்துரோக வழக்குக்கு ஆளாயிற்று.

இவ்வாதத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதனைச் சீர்திருத்தக்காரருக்கும் வைதிகருக்கும் இடையே நிகழ்ந்த போராகவே காட்டுவர். அப்போரில் வென்றவர் யாவர், தோற்றவர் யாவர் என்பது எளிதிற் சொல்லக்கூடியது. அவர்கள் எதன் பொருட்டுப் போரிட்டனர் என்பதே ஆராயத்தக்க வினா. சட்டத்தின் பெயரிலே நிற்கும் சொல் சம்மதம் என்பது. யாருடைய சம்மதம், எதற்குச் சம்மதம் என்று அவ்வாதத்திலே வினவியோர் மிகச் சிலர். இருதிறத்தாரும் அச்சொல்லைத் தலைப்பிலே வைத்துக்கொண்டு வேறு பொருள்களையே பேசினர்.

சட்டத்தின் அமைப்பை முதலில் நோக்குதல் நன்று. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவை, பத்து வயதுக்குக் குறைந்த பெண்ணைக் கூடுதல், அவள் மனைவியேயாயினும், வன்புணர்ச்சிக் குற்றமாகும் என விதித்தது. 1891இற் பத்து என்பது பன்னிரண்டாயிற்று. பன்னிரண்டு நிரம்பாதவள் உடன்பட்டாலும் அவ்வுடன்பாடு சட்டத்தின் முன் செல்லாது. பன்னிரண்டு நிரம்பியவள் மணமானவளாயின், அவள் மறுத்தாலும் அம்மறுப்புச் செல்லாது. கணவனுக்கு விலக்கு உண்டு. ஆகவே அவ்வெல்லைக்குக் கீழே அவள் சம்மதம் பயனற்றது; எல்லைக்கு மேலே அது கேட்கப்படாமலே கொடுக்கப்பட்டதாகக் கொள்ளப்பட்டது. மனைவியின் சம்மதத்தை உண்மையாக வினவும் வயதென ஒன்று அச்சட்டத்தில் எங்கும் இல்லை. அச்சட்டத்துக்கு உடல் முதிர்ச்சி வயதுச் சட்டம் எனப் பெயரிட்டிருப்பின் அது பொருத்தமாயிருந்திருக்கும்.

எண்ணை மாற்றும் அவசியத்தை நாட்டுக்கு உணர்த்தியது கல்கத்தாவில் நிகழ்ந்த ஒரு துயரம். பூல்மணி தாசி என்னும் சிறுமி, பத்து வயதைக் கடந்து ஓராண்டளவே ஆனவள், முப்பது வயதைக் கடந்த கணவன் ஹரி மைதி என்பவனாற் காயமுற்று இரத்தப்பெருக்கினால் இறந்தாள். 1890இல் வழக்கு விசாரணைக்கு வந்தபோது அவன் மீது வன்புணர்ச்சிக் குற்றஞ் சுமத்த இயலவில்லை. அவள் பத்து வயதைக் கடந்திருந்தமையே காரணம். உயிருக்கு ஆபத்து விளையும் வண்ணம் கவனமின்றி நடந்து கொடுங்காயம் விளைத்தான் என்ற குற்றத்துக்கு ஓராண்டுக் கடுஞ்சிறையே அவனுக்குக் கிடைத்தது. சட்டத்தின் முன் அது ஏறத்தாழ ஒரு வண்டி விபத்தின் தரத்தில் வைத்தெண்ணப்பட்டது. அதே ஆண்டில் இந்தியாவிற் பணிபுரிந்த பெண் வைத்தியர் ஐம்பத்தைந்து பேர், மான்செல் அம்மையார் தலைமையில், தாம் நேரிற் கண்ட இத்தகைய நிகழ்ச்சிகளை விரித்துரைத்து இராசப்பிரதிநிதிக்கு விண்ணப்பம் விடுத்தனர். 1891 சனவரியிற் சட்ட உறுப்பினர் ஸ்கோபிள் மசோதாவைக் கொணர்ந்தார். மார்ச்சு 19ஆம் நாள் அது நிறைவேறியது.

ஆளுவோர் இதனைத் தமது நாகரிகத்தின் கொடையாகக் காட்டிக்கொண்டனர். அவ்வுரிமை அவர்க்கு எத்துணை உண்டென்பதும் நோக்கற்பாலதே. இங்கிலாந்தில் 1875 வரை சம்மத வயது பன்னிரண்டு, பின்னர் பதின்மூன்று. 1885இல் ஸ்ரெட் என்னும் பத்திரிகாசிரியர் இலண்டன் மாநகரிற் சிறுமியர் விலைபோவதை எழுதி நாட்டைக் குலுக்கிய பின்னரே பதினாறு ஆயிற்று. அந்நாட்டிலே பெண்ணின் சட்டபூர்வமான திருமண வயதோ 1929ஆம் ஆண்டு வரை பன்னிரண்டாகவே இருந்தது. இந்தியக் குடும்பத்தின் இருளைப் பற்றி எழுதிய ஆங்கிலேயர் பலர் தம் நாட்டு ஏடுகளைப் புரட்டிப் பார்க்க மறந்தனர் போலும்.

மசோதாவை எதிர்த்தோரின் வாதங்களுள் முதன்மையானது சாத்திர வாதம். கருப்பாதானம் என்னும் சடங்கு மனைவி முதற் பூப்பெய்திய பதினாறு நாட்களுக்குள் நிகழவேண்டும் என்பது பதினாறாம் நூற்றாண்டு வங்க நிபந்தகாரர் இரகுநந்தனரைப் பின்பற்றியோரின் கொள்கை. பன்னிரண்டு வயதுக்கு முன் பூப்பெய்துதலும் உண்டாகலின், சட்டம் அச்சடங்கைத் தடுக்கிறது; ஆகவே 1858ஆம் ஆண்டின் மகாராணியார் பிரகடனத்தில் மதத்திலே தலையிடுவதில்லையெனக் கொடுத்த வாக்கு மீறப்படுகிறது என்றனர். இராசப்பிரதிநிதியின் சட்டசபையிலே சேர் இரமேஷ் சந்திர மித்தர் இவ்வழி நின்றே மசோதாவை மறுத்தார். சீர்திருத்தப் பக்கத்தில் இராமகிருஷ்ண கோபால பண்டார்க்கர் 1891இல் வெளியிட்ட குறிப்பொன்றிலே, அச்சடங்கைத் தாழ்த்திச் செய்தலால் வரும் குறை பெரிதன்று, கழுவாயும் எளிது என மூலநூல்களைக் கொண்டே நிறுவினார். சென்னையிலே திவான் பகதூர் இரகுநாதராவும் சாத்திரத்தைக் கொண்டே சீர்திருத்தத்துக்கு இடம் கண்டவர். சுசுருதர் பதினாறு வயது நிரம்பாத பெண் கருவுறுதல் தீதென்றார் என்பது சீர்திருத்தக்காரர் கையிலிருந்த மற்றொரு படை. பராசரர் பெயரால் வழங்கும் நூல் எட்டு வயதினளைக் கௌரி என்றும் ஒன்பது வயதினளை உரோகிணி என்றும் பிரித்துப் பத்துக்கு மேல் வைத்திருத்தலைப் பழிக்கிறது என்பது எதிர்த்தரப்பின் படை. மனுவோ முப்பது வயதினனுக்குப் பன்னிரண்டு வயதினளைக் கூறி, அதே இயலிலே, தகுதியில்லாதவனுக்குக் கொடுப்பதினும் பெண் சாமளவும் தந்தை மனையில் இருத்தலே நன்று எனவும் கூறுகின்றார். இருதிறத்தாரும் ஒரே நூலிலிருந்து தத்தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டனர்.

பண்டார்க்கரின் புலமை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. அவரது முடிபும் நல்ல முடிபே. ஆயினும் அவர் மேற்கொண்ட முறை ஓர் இடரை உடன்கொண்டு வந்தது. சாத்திரமே நீதிமன்றம் என ஒப்புக்கொண்ட பின், ஒரு சிறுமியின் உயிர் ஓர் உரையாசிரியனின் சொற்பொருளிலே தொங்குவதாயிற்று. நாளை வேறொரு பண்டிதர் வேறோர் ஏட்டுப் பிரதியைக் கொண்டுவரின் யாது செய்வது? இவ்விடர் எத்துணைப் பெரிதென்பதற்கு ஈசுவர சந்திர வித்தியாசாகரே சான்று. 1856இல் விதவை மறுமணச் சட்டத்துக்குக் காரணராயிருந்த அப்பெருந்தகை, 1891இல் அரசு கருத்துக் கேட்டபோது பன்னிரண்டு வயது என்னும் எல்லையை ஏற்கவில்லை. முதற் பூப்புக்கு முன் கூடுதலையே குற்றமாக்குக, அவ்வாறாயின் சடங்கும் கெடாது, பெண்ணும் காக்கப்படுவாள் என்பது அவர் யோசனை. பன்னிரண்டுக்குப் பின் பூப்பெய்துவோரைக் கருதினால் அது சட்டத்தினும் அதிகமான பாதுகாப்பைத் தந்திருக்கும் என்பதை மறுத்தற்கில்லை. அவர் வைதிகராக மாறிவிட்டார் எனப் பழித்தோர் இதனைக் கருதவில்லை. எனினும் அவர் கொண்ட அளவுகோலும் உடலேயன்றி உள்ளமன்று.

தமிழ் நூல்களைச் சான்றாகக் கொள்வோர்க்கும் இதே நிலை நேரும் என்பது இங்குக் கூறத்தகும். கண்ணகிக்கு மணம் நிகழ்ந்தபோது வயது பன்னிரண்டு எனச் சிலப்பதிகாரம் தெளிவாகவே கூறுகிறது. சட்டம் கொணர்ந்த எண்ணும் அதுவே. பழமையிலே ஒரு வழக்கம் இருந்தது என்பது அவ்வழக்கத்தின் நன்மைக்குச் சான்றாகாது. இல்லாதிருந்தது என்பது அதன் தீமைக்கும் சான்றாகாது.

இரண்டாவது வாதம் ஆட்சியுரிமை பற்றியது. அதனை மிகுந்த ஆற்றலோடு எடுத்துரைத்தவர் பாலகங்காதர திலகர். அவர் இளமை மணத்தின் காவலரல்லர். 1890இல் அவர் முன்வைத்த யோசனையிலே பெண்ணுக்குப் பதினாறு, ஆணுக்கு இருபது என்னும் மணவயதுகளும், விதவையர் தலைமழித்தலை ஒழித்தலும் இடம்பெற்றன. சீர்திருத்தம் பேசுவோர் இவற்றிற்குக் கையொப்பமிட்டுத் தாமே முதலிற் கடைப்பிடித்துக் காட்டுக, அந்நியனுடைய சட்டத்தை வீட்டுக்குள் அழைக்கற்க என்பது அவர் நிலை. மேடையிலே முழங்கி வீட்டிலே வாளாவிருந்த சீர்திருத்தக்காரரை இவ்யோசனை நன்றாகவே சுட்டது. அடிமைப்பட்ட நாடொன்று தன் இல்லத்தையேனும் தன் ஆணையில் வைத்துக்கொள்ள முயலுதல் இயல்பு; அவ்வுணர்ச்சியை எள்ளி நகையாடுதல் வரலாற்றறிவுடையார்க்கு ஒவ்வாது.

ஆயின் அவ்வாதத்தினுள்ளே ஒரு பெரும் முரண் கிடக்கிறது. அதனை வெளிப்படுத்தியவர் அரசியற் புலவரோ பண்டிதரோ அல்லர். பம்பாயில் வாழ்ந்த ஓர் இளம்பெண்.

இருக்மாபாய் பதினொரு வயதளவில் தாதாஜி பிகாஜி என்னும் பத்தொன்பது வயதினர் ஒருவருக்கு மணம் செய்விக்கப்பட்டார். கணவர் வீடு செல்லாது, வைத்தியரான மாற்றாந்தந்தை சகாராம் அர்ஜுனின் இல்லத்திலேயே வளர்ந்து கற்றார். 1884இல் தாதாஜி தமது இல்லறவுரிமையை மீட்டுத்தருமாறு வழக்கிட்டார். அறிவு வராத பருவத்தில், தம் இசைவின்றி நிகழ்ந்த மணம் தம்மைக் கட்டுப்படுத்தாது என்பது இருக்மாபாயின் மறுமொழி. 1885 செப்டெம்பரிலே நீதியரசர் பின்ஹி வழக்கைத் தள்ளினார். இல்லறவுரிமை மீட்பு வழக்கு என்பது இங்கிலாந்தின் திருச்சபைச் சட்டத்திலே தோன்றியது. இந்து சட்டத்திலே அதற்கு இடமில்லை. ஒருநாளும் கூடி வாழாத பெண்ணைக் கன்றுகாலியை மீட்பதுபோல் மீட்டுக்கொடுத்தல் தகாது என்னும் கருத்துப்பட அவர் தீர்ப்பு அமைந்தது. மேன்முறையீட்டில் அத்தீர்ப்பு மாறிற்று. 1887 மார்ச்சில் நீதியரசர் பரன், ஒரு மாதத்துள் கணவரிடம் செல்க, இன்றேல் ஆறு மாதச் சிறை என ஆணையிட்டார். சிறையே செல்வேன் என்றார் இருக்மாபாய்.

இவ்வழக்கிலே திலகரின் 'மராட்டா' பத்திரிகை கணவர் பக்கம் நின்றது. முரண் இங்கேதான் தோன்றுகிறது. 1891இல் அந்நியச் சட்டம் இந்துக் குடும்பத்தினுள் நுழையலாகாது என்றவர்கள், அதற்கு நான்காண்டுகளுக்கு முன், அந்நிய நீதிமன்றம் அந்நியச் சட்டமொன்றைக் கொண்டு ஓர் இந்துப் பெண்ணைச் சிறையிடுதலை வரவேற்றிருந்தனர். அச்சட்டம் பிறந்த இங்கிலாந்திலோ அதனை மீறியோரைச் சிறையிடும் தண்டனை 1884இலேயே நீங்கிவிட்டது. இந்து தருமம் எனக் காக்கப்பட்டது உண்மையில் ஆங்கிலத் திருச்சபையின் பழைய வழக்காறு; அதுவும் பிறந்தவிடத்திலே பல் பிடுங்கப்பட்டது. இருக்மாபாய் பிறந்த தச்சர் குலத்திலே விதவை மறுமணம் வழக்கிலிருந்தது. அவருடைய தாயாரே விதவையாகி மறுமணம் புரிந்தவர். உயர்குல ஒழுக்கத்தை இந்து ஒழுக்கம் முழுமைக்கும் அளவாக்கியோர் இதனைப் பொருட்படுத்தவில்லை. ஆட்சியுரிமை வாதத்தின் உள்ளீடு நாட்டின் தன்னாட்சியா, கணவனின் ஆட்சியா என்னும் ஐயம் இவ்விடத்து எழுதல் தவிர்க்கவியலாதது.

சீர்திருத்தப் பக்கமும் குறைபாடற்றதன்று. பெர்ராம்ஜி மலபாரி 1884இல் இளமை மணம், கட்டாய விதவை நிலை என்பன பற்றி இரு குறிப்புக்களை வெளியிட்டுக் கிளர்ச்சியைத் தொடங்கியவர். 1890இல் இலண்டன் சென்று அவர் எழுப்பிய கோரிக்கைகளிலே இல்லறவுரிமை மீட்பு வழக்கை ஒழித்தலும் ஒன்று. அரசு வயதெல்லையை மாத்திரம் எடுத்துக்கொண்டு அதனைக் கைவிட்டது. அது வியப்பன்று, வியப்பு யாதெனின், சட்டம் நிறைவேறியதும் சீர்திருத்தக்காரருட் பலர் வெற்றி கிட்டியதென அமைதியடைந்தமையே. இருக்மாபாய் எழுப்பிய வினா பன்னிரண்டு வயதைப் பற்றியதன்று. இசைவில்லாத மணம் மணமா என்பது அவர் வினா. சட்டம் அவ்வினாவின் அருகிலும் செல்லாது, இறந்த சிறுமியின் உடலைச் சுட்டி ஓர் எண்ணை மாற்றி அமைந்தது. காயமுற்ற உடல் எல்லோர்க்கும் இரக்கம் ஊட்டும். மறுத்துப் பேசும் வாய் அவ்வாறன்று. பூல்மணிக்காகக் கண்ணீர் விட்டோர் பலர் இருக்மாபாயை அடங்காதவள் என்றனர்.

1885ஆம் ஆண்டில் 'ரைம்ஸ் ஒவ் இந்தியா' பத்திரிகையிலே 'ஓர் இந்து மாது' என்னும் புனைபெயரில் இரு நீண்ட கடிதங்கள் வெளிவந்தன. முதலாவது இளமை மணத்தையும், இரண்டாவது கட்டாய விதவை நிலையையும் பற்றியது. எழுதியவர் இருக்மாபாய் என்பது பின்னர் வெளியாயிற்று. இளமை மணத்தினாற் பெண்ணுக்கு நேரும் இழப்பாக அவர் முதன்மைப்படுத்துவது உடல் நோவையன்று. கல்வியும் சிந்தனையும் தடைப்படுதலையே. ஆண்கள் எழுதிய நூற்றுக்கணக்கான கட்டுரைகளும் விண்ணப்பங்களும் கருவுறுதல், பூப்பு, சந்ததியின் வலிமை என்பவற்றைச் சுற்றிச் சுழலுகையில், அவ்விரு கடிதங்கள் மாத்திரம் வேறொரு மொழியிற் பேசின. தாய்மைக்குத் தகுதியான உடல் எப்போது அமைகிறது என்பது அவர்கள் வினா. தன் வாழ்வைத் தானே நினைத்துப்பார்க்க ஒருத்திக்கு எப்போது காலம் கிடைக்கும் என்பது இவர் வினா.

அகப்பொருள் இலக்கணத்திலே அறத்தொடு நிற்றல் என ஒரு துறை உண்டு. தலைவியின் உள்ளம் யாரிடத்தது என்பதைத் தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தை தன்னையர்க்கும் முறையே உணர்த்துதல் அது. பெண்ணின் விருப்பத்தை மறைத்தலையன்றி, அதனை உரியவர்க்கு எடுத்துரைத்தலையே அறம் எனப் பெயரிட்டது அம்மரபு. அது புலனெறி வழக்கம். அன்றைய இல்லங்கள் யாவும் அவ்வாறே ஒழுகின எனக் கொள்ளுதல் பிழை. ஆயினும் ஒழுக்கம் என்பதைப் பெண்ணின் வாய்மூடலோடு ஒன்றாக்கிய பிற்காலத்தார் இத்துறையின் பெயரை ஒருகால் எண்ணிப்பார்த்திருக்கலாம். 1891இன் வாதத்திலே தந்தையர் பேசினர், தன்னையர் பேசினர், புரோகிதரும் நீதிபதியும் பேசினர். தோழியின் இடத்தில் நின்றோர் யாரெனத் தேடினால், அவ்வைம்பத்தைந்து பெண் வைத்தியரையன்றி வேறெவரையும் காண்பதரிது.

தமிழ் உரைநடையிலே அக்குரலைக் கொணர முயன்றவர் அ. மாதவையா. 1892இல், சட்டம் நிறைவேறிய மறுவாண்டில், 'விவேக சிந்தாமணி' இதழிலே 'சாவித்திரி சரித்திரம்' என்னும் தொடரை அவர் எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபது. தொடர் இடையிலே நின்றுபோயிற்று. 1903இல் அது 'முத்துமீனாட்சி' என்னும் பெயரில் நூலுருப் பெற்றது. பிராமணக் குலத்துப் பெண்ணொருத்தி தன் வரலாற்றைத் தானே கூறுவதாக அமைந்தது கதை. சிறுவயதில் மணம், புக்ககத்துக் கொடுமை, விதவை நிலை, இறுதியில் மறுமணம் என்பது அதன் போக்கு.

இந்நூலைப் பிரசார நாவல் என ஒதுக்கும் வழக்கம் உண்டு. அதன் இறுதிப் பகுதிக்கு அக்கூற்று ஓரளவு பொருந்தும். ஆயின் தன்மை இடத்திற் கதை கூறும் முறையை ஆசிரியர் தேர்ந்தமை வெறும் உத்தியன்று. பண்டிதர் வாதத்திலே 'கன்னிகை' என்றும் 'மனைவி' என்றும் பொதுப்பெயரால் நின்றவள், இங்கே பெயரும் நினைவும் உடையவளாய், தன் வீட்டாரை மதிப்பிடுபவளாய் வருகிறாள். சட்டசபையிலே பொருளாக நின்றவள் கதையிலே பேசுபவளானாள். இதுவே அந்நூலின் சிறப்பு. 1898இல் வெளிவந்து பெரும் புகழெய்திய 'பத்மாவதி சரித்திரம்' இதனினும் கட்டுக்கோப்பானதெனினும், இத்துணிவு அதற்கில்லை.

குறையும் அவ்விடத்திலேயே உள்ளது. முத்துமீனாட்சியைப் புக்ககத்துத் துன்பத்தினின்றும் விடுவிப்பது அவளது மறுப்பன்று, கணவனின் மரணம். அதன்பின் நல்லவன் ஒருவன் வருகிறான், வாழ்வு மலர்கிறது. தீர்வு விதியாலும் நல்ல ஆடவனாலும் வருகிறதேயன்றி அவள் உள்ளத்தினால் வரவில்லை. கதை அச்சேறிய காலத்துக்குப் பதினாறாண்டுகள் முன்னரே, கணவன் உயிரோடிருக்கையில் மறுத்துச் சிறைக்கும் ஆயத்தமாய் நின்ற பெண்ணொருத்தி பம்பாயில் இருந்தாள். வாழ்வு சென்ற தூரம் புனைகதை செல்லவில்லை. இருபது வயது இளைஞரிடம் அதனை எதிர்பார்த்தல் கடுமை எனலாம். ஆயினும் விதவையின் மறுமணத்தை ஏற்கத் துணிந்த சீர்திருத்த உள்ளம், மனைவியின் மறுப்பை ஏற்கத் தயங்கிற்று என்பதற்கு இந்நூலும் ஒரு சான்றாகிறது. மறுமணத்தில் ஒரு மணம் கூடுகிறது. மறுப்பில் ஒரு மணம் குலைகிறது. குடும்பம் என்னும் கட்டடத்தைச் செப்பனிட விரும்பியவர்கள் அதன் அடிக்கல்லைத் தொட விரும்பவில்லை.

பின் நிகழ்ந்தவை சுருக்கமாகக் கூறத்தக்கன. 1925இல் எல்லை மனைவிக்குப் பதின்மூன்றாகவும் ஏனையோர்க்குப் பதினான்காகவும் உயர்ந்தது. 1928இல் அமைந்த, சேர் மோரோபந்த் ஜோஷி தலைமை தாங்கிய சம்மத வயதுக் குழு நாடெங்கும் சென்று விசாரித்தபோது, அப்படியொரு சட்டம் இருப்பதையே மக்களிற் பெரும்பாலோர் அறியார் எனக் கண்டது. கற்றோர் உலகைக் கலக்கிய வாதம் கல்லாதார் வாயிலைத் தட்டவேயில்லை. 1929இல் ஹர்பிலாஸ் சார்தாவின் சிறுவர் மணத் தடைச் சட்டம் பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என விதித்தது. சென்னைப் பக்கத்திலிருந்து எம். கே. ஆசாரியார் அதனை எதிர்க்க, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆதரித்து உழைத்தார். அதே ஆண்டு பெப்ரவரியிற் செங்கற்பட்டில் நிகழ்ந்த சுயமரியாதை மாநாடு பெண்ணின் மணவயது பதினாறுக்கு மேற்பட வேண்டுமெனத் தீர்மானித்தது. இம்முறை பெண்கள் சங்கங்கள் அமைத்துத் தாமே பேசினர். 1891க்கும் இதற்குமுள்ள பெரும் வேறுபாடு அது. எனினும் சட்டம் 1930 ஏப்பிரலில் நடைமுறைக்கு வருமுன் கிடைத்த ஆறு திங்களிலே சிறுவர் மணங்கள் விரைந்து விரைந்து நடந்தேறின. அதன் சுவடு 1931ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே தெரிந்தது.

இந்தியத் தண்டனைக்கோவையைத் தழுவி 1883இல் ஆக்கப்பட்ட இலங்கைத் தண்டனைக்கோவையும் இவ்வரலாற்றினின்று ஒதுங்கியதன்று. இங்கும் எல்லை பன்னிரண்டு. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் பெண்ணின் மணவயதைப் பன்னிரண்டு என விதித்துவிட்டு, ஐரோப்பியர் அல்லது பறங்கியரின் மகளாயின் பதினான்கு என ஒரு வேறுபாடு செய்தது. சுதேசிப் பெண்ணுக்கும் பறங்கிப் பெண்ணுக்குமிடையே ஈராண்டு முதிர்ச்சியை இயற்கை வைத்ததா, கட்டளைச் சட்டம் வைத்ததா என்பதை வாசிப்போரே தீர்க்கலாம். 1995இலே சம்மத வயது பதினாறாகவும், பொதுச் சட்டத்தின் கீழ் மணவயது பதினெட்டாகவும் உயர்த்தப்பட்டன. ஆயின் அத்திருத்தத்துள்ளே பன்னிரண்டு வயதைக் கடந்த மனைவியைப் பதினாறு என்னும் எல்லைக்குப் புறம்பாக்கும் விலக்கொன்று வைக்கப்பட்டது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் பன்னிரண்டு நிரம்பிய பெண்ணின் மணத்துக்கு இடமளித்ததாகலின், அவ்விலக்கு வெற்றெழுத்தாக நிற்கவில்லை. ஸ்கோபிளின் எண் ஒரு நூற்றாண்டைக் கடந்து இத்தீவின் சட்டத்திலே மீண்டும் எழுதப்பட்டது.

இந்தியாவிலோ மனைவிக்கான எல்லை நெடுங்காலம் பதினைந்திலேயே நின்றது. 2017 ஒக்டோபரிலே அந்நாட்டு உயர்நீதிமன்றங்களுக்கு மேலான உச்ச நீதிமன்றம் அதனைப் பதினெட்டாக வாசித்தது. 2024 யூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமும் அவ்வாறே கொண்டது. பதினெட்டைக் கடந்த மனைவியின் மறுப்பைப் பொறுத்தவரை கணவனுக்குள்ள விலக்கு அப்புதிய சட்டத்திலும் தொடர்கிறது. எண் பத்திலிருந்து பதினெட்டு வரை நடந்து வந்துள்ளது. எண்ணுக்கு அப்பாலுள்ள வாசகம் இடம்பெயரவில்லை.

இருக்மாபாய் சிறை செல்லவில்லை. 1888இல் இரண்டாயிரம் உரூபா பெற்றுக்கொண்டு தாதாஜி வழக்கைக் கைவிட்டார். மறுவாண்டு அவர் இங்கிலாந்து சென்று மருத்துவம் பயின்று மீண்டார். சூரத்திலும் இராஜ்கோட்டிலும் பல ஆண்டுகள் பெண்களுக்கு வைத்தியம் செய்தார். மீண்டும் மணம் புரியவில்லை. 1955 செப்டெம்பரில், தொண்ணூறு வயதைக் கடந்து, பம்பாயிலே காலமானார். அவ்வாண்டு மே மாதத்திற்றான் சுதந்திர இந்தியாவின் இந்து விவாகச் சட்டம் நிறைவேறியிருந்தது. பெண்ணின் மணவயதைப் பதினைந்தாக்கி, விவாகரத்துக்கும் இடமளித்த அச்சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, இல்லறவுரிமை மீட்பு வழக்கைப் பற்றியது.